மீண்டெழும் ஆற்றல்: அது எங்கே இருக்கிறது?

செத்தவீட்டிலோ, உயர்தரப் பரீட்சை முடிவு பிழைத்த வீட்டிலோ, வெளிநாட்டுப் பயணம் குழம்பி ஏஜென்சிக்காரனிடம் காசைப் பறிகொடுத்த வீட்டிலோ போய் இருந்தால் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும்: "மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ." சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. துன்பத்தைத் தாங்கும் பலம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஏற்கெனவே கிடக்கிறது, இறுக்கிப் பிடித்தால் போதும், பிடிக்கத் தெரியாதவர் பலவீனர் என்ற ஊகம். உளவியல் ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டில் இந்த ஊகத்தைப் பெரும்பாலும் கழித்துவிட்டன. அந்தப் பலத்தின் பெரும்பங்கு நெஞ்சுக்கு வெளியே, நம்மைச் சுற்றியுள்ள ஆட்களிலும் பழக்கங்களிலும் இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப்போகிறது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய அடியொன்று விழுந்த பிறகும் ஒருவர் தன் அன்றாடத்தைக் கொண்டுநடத்துவது, அல்லது கொஞ்சக் காலம் குழம்பிப்போய் மறுபடி அதற்குத் திரும்பி வருவது, இதைத்தான் மீண்டெழும் ஆற்றல் என்கிறோம். அழக்கூடாது, நித்திரை குழம்பக்கூடாது, சாப்பாடு இறங்காமல் போகக்கூடாது என்றெல்லாம் இதற்கு விதி கிடையாது. அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் பொனானோ, இழப்புக்குப் பிறகு மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார். 2004இல் அவர் எழுதிய கட்டுரை அதுவரை இருந்த எண்ணத்தை அசைத்தது. துணையை இழந்தவர்களில் பலர் துக்கத்தோடு துக்கமாகவே சமைத்தார்கள், வேலைக்குப் போனார்கள், இடையிடையே சிரிக்கவும் செய்தார்கள். உள்ளே ஏதோ பெரிதாக உடைந்துவிட்டதை மறைக்கிறார்கள் என்று அதற்கு முன்னர் நிபுணர்களே சந்தேகப்பட்டதுண்டு. பொனானோ கண்டது, அதுதான் அதிகம் பேர் போகும் சாதாரண வழி என்பதை. வேறு வழிகளும் இருக்கின்றன. சிலர் ஓரிரண்டு வருடம் தளர்ந்து கிடந்து மெல்ல எழும்புகிறார்கள், சிலருக்கு நெடுங்காலம் ஆறுவதில்லை. ஆகவே புருஷன் செத்து மூன்று மாதத்தில் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் போன பெண்ணைப் பார்த்து "இவவுக்குக் கவலையே இல்லை" என்று கதைப்பதும் தவறு, ஒரு வருடம் கழித்தும் அழுபவரைப் பார்த்து "இன்னும் எத்தினை நாளைக்கு?" என்று கேட்பதும் தவறு.

இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்து நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வறுமை, பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல், பெற்றோரின் சண்டை, குடி, மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இப்படிப்பட்ட பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றே எவரும் நினைப்பார்கள். பலருக்குப் பதின்ம வயதில் சிக்கல் வந்ததும் உண்மை. ஆனால் அவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடி படித்து, வேலைசெய்து, மற்றவர்மேல் அக்கறையுள்ள வளர்ந்தவர்களாக ஆனார்கள். அந்தப் பிள்ளைகளிடம் என்ன வித்தியாசம் என்று தேடியபோது கிடைத்த விடைகள் மிகவும் எளியவை. தாய் தகப்பனால் முடியாவிட்டாலும், நிலையாக அக்கறை காட்டிய ஒரு வளர்ந்தவராவது அந்தப் பிள்ளைக்கு இருந்தார். பாட்டி, சித்தி, அண்ணன், ஆசிரியர், அயலவர் என்று யாரோ ஒருவர். அதோடு, தம்பி தங்கையைப் பார்ப்பது, வீட்டு வேலையில் ஒரு பங்கைச் செய்வது என்று தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பும் பலருக்கு இருந்தது. பிள்ளையின் சுபாவத்துக்கும் பங்கு இருந்தது. முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தையை நாலு பேர் தூக்குவார்கள்தானே.

இதைவிட எனக்குப் பிடித்த பகுதி பின்னர் வருகிறது. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறிவிட்டார்கள். படிப்பைத் திரும்பத் தொடங்க ஒரு கல்லூரி கிடைத்தது, இராணுவத்தில் ஒரு தொழில் கிடைத்தது, நல்ல துணை கிடைத்தது, ஒரு தேவாலயச் சமூகம் ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வயதில் ஒருவரின் கணக்கை மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உயர்தரப் பெறுபேறு வந்த அன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் நடக்கும் கூத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்னோர் ஆய்வாளர் ஆன் மாஸ்டன், இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு 2001இல் எழுதியதன் சாரம் இது: மீண்டெழுவதற்கு அபூர்வமான குணம் எதுவும் தேவையில்லை, அன்பான உறவு, இயங்கும் மூளை, நம்பிக்கை, ஒழுங்கான பாடசாலை போன்ற சாதாரண விடயங்கள் சேதமில்லாமல் இருந்தால் போதும். அவை சேதமானால் எவ்வளவு திடமான ஆளும் தள்ளாடுவார்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30இல், போர் நெருங்கிவர, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஓரிரவில் கிளம்பியது. மழைக்குள் செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சி நோக்கி நடந்தது. அன்று தப்பியவர்களிடம் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நான் உறுதியாக இருந்தேன்" என்று எவரும் தொடங்குவதில்லை. சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் விறாந்தையைத் திறந்துவிட்டது, ஒரே கிணற்றடியில் முப்பது குடும்பம் முறைவைத்துக் குளித்தது, கொட்டிலுக்குள்ளும் மரநிழலிலும் வாத்திமார் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது, இப்படித்தான் கதை போகும். போரின்போது வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலமும் அப்படியே. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். இந்த உத்திகளைத் தனியொருவர் அறைக்குள் இருந்து கண்டுபிடிக்கவில்லை, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதைத்துப் பரவியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமல்லாமல் ஊரையும் குடும்பத்தையும் ஓர் அலகாகவே காயப்படுத்தியதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் நம்பாமை, வாய் திறவாமை, எதற்கும் முன்வராமை, பிறர் கையை எதிர்பார்த்தல் ஆகியவை ஊர் மட்டத்தில் தெரிந்த காயத்தின் அடையாளங்கள் என்றார். தாங்குவதற்குரிய வலையே கிழிந்துபோனால் தனியாளை மட்டும் இருத்தி வைத்துச் சிகிச்சை செய்து முடியாது. அதனால்தான் அவரும் அவரோடு பணிசெய்தவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்மட்டப் பணியாளர்களுக்கும் அடிப்படை உளநலப் பயிற்சி கொடுக்கும் வழியை எடுத்தார்கள்.

இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. நாம் குடிப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான். உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக அது மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அதனால்தான். மாரியில் பெய்வது உள்ளே இறங்கினால் கோடையில் இறைக்கலாம். நிரப்பாமல் மோட்டரைப் போட்டு இறைத்துக்கொண்டேயிருந்தால் கிணறு உவராகிவிடும், பிறகு கிணற்றைத் திட்டிப் பயனில்லை. மனிதரின் தாங்குதிறனும் இந்தக் கணக்கில்தான் இயங்குகிறது என்பது என் எண்ணம். கேட்க வேண்டிய கேள்வி, நல்ல நாட்களில் எது உள்ளே இறங்குகிறது என்பதே.

முதலில் ஆட்கள். ராத்திரி பத்து மணிக்கு யோசிக்காமல் கூப்பிடக்கூடிய ஆள் யார் என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். வட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கலாம், அந்தக் கேள்விக்கு ஒருவரும் அகப்படாமல் போகலாம். புலம்பெயர்வுக்குப் பிறகு இங்கே பல வீடுகளில் இரண்டு வயதானவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். காசு வருகிறது, வீடியோவில் முகமும் தெரிகிறது, ஆனால் காய்ச்சல் வந்தால் தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்க ஆளில்லை. இவர்களுக்கு அயலோடு உறவு ஆடம்பரமில்லை. வாசிகசாலை, சனசமூக நிலையம், கோயில் திருப்பணி, தேவாலயத்துப் பாடகர் குழு, மாதர் சங்கம், சீட்டுப் பிடிக்கும் ஆட்கள், எதுவானாலும் கிழமையில் ஒருநாள் போய்வரும் இடமொன்று இருக்க வேண்டும். அடி விழுந்த பிறகு புதிதாக ஆள் சேர்ப்பது மிகக் கடினம்.

அடுத்தது அன்றாட ஒழுங்கு. துன்பம் வந்ததும் முதலில் குழம்புவது நித்திரையும் சாப்பாடும். இரண்டும் குழம்பினால் மூளை சின்ன விடயத்தையும் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே மனம் விரும்புகிறதோ இல்லையோ, ஒரே நேரத்துக்கு எழும்புவது, முற்றம் கூட்டுவது, பூ ஆய்வது, பின்னேரம் ஒழுங்கை முடக்குவரை நடந்துவிட்டு வருவது என்று நாளுக்கு இரண்டு மூன்று தூண்கள் நட்டுவையுங்கள். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், உடலின் அமைப்பு அப்படி. வடக்கில் உளநலப் பணி செய்தவர்கள் இதை நம் வழக்கங்களோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். சைவருக்கு மந்திர ஜெபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். எல்லாவற்றிலும் மூச்சும் சொல்லும் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்பிக்கையில்லாதவர் வெறுமனே எண்ணிக்கொண்டு மூச்சு விடலாம், வேலை செய்யும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாங்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். பிரித்தானிய மனநல மருத்துவர் மைக்கல் ரட்டர், தாங்கக்கூடிய அளவிலான சின்னக் கஷ்டங்களைச் சந்தித்துச் சமாளித்த பிள்ளை பின்னால் வரும் பெரியதற்குக் கூடுதல் ஆயத்தமாகிறது என்று சுட்டிக்காட்டினார். உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா வேறொரு பக்கத்திலிருந்து அதையே சொன்னார்: "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, முன்பு ஒருமுறை தானே செய்து முடித்த அனுபவம். இப்போது எங்கள் வீடுகளைப் பாருங்கள். "நீ படி, மிச்சத்தை நான் பாக்கிறன்." ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது அப்பா, தண்ணிப் போத்தல் நிரப்புவது அம்மா, வங்கிப் படிவம் நிரப்புவது மாமா. பத்தொன்பது வயதில் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வெற்றி பரீட்சை. அதில் விழுந்தால் பிடித்துக்கொள்ள வேறு ஒரு சின்ன வெற்றியும் கையில் இல்லை. கவாய்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வீட்டுப் பொறுப்பை நாங்கள் பாசம் என்ற பெயரில் பறித்துவிடுகிறோம். சந்தைக்குப் போய் மீன் பேரம் பேசட்டும், அம்மம்மாவை வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்கட்டும், சைக்கிளுக்கு ஒட்டுப் போடட்டும். படிப்பு கெட்டுவிடாது.

பரீட்சையில் விழுந்த அந்தப் பிள்ளையையே உதாரணமாக எடுப்போம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி குறைந்து, நினைத்த பீடம் கிடைக்கவில்லை. அன்றிரவு தலைக்குள் ஓடும் வசனங்கள் பெரும்பாலும் மூன்று: எல்லாம் முடிஞ்சுது, நான் ஒண்டுக்கும் உதவாதவன், ஊரில தலைகாட்ட ஏலாது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், தோல்வியை ஒருவர் தனக்குள் எப்படி விளக்குகிறார் என்பதை ஆராய்ந்தவர். இது என்றைக்கும் மாறாது, வாழ்க்கை முழுவதையும் கெடுத்துவிட்டது, முழுக்க என் குற்றம் என்ற மூன்றும் சேர்ந்த விளக்கம்தான் ஆளை முடக்குகிறது. இதற்கு மாற்று, பொய்யான உற்சாகம் இல்லை. கணக்கைச் சரியாக எழுதுவதுதான் மாற்று. "இந்த முறை இரசாயனவியல் பிழைச்சுது. மற்ற இரண்டும் பிழைக்கேல்லை. இன்னும் தோற்றலாம், மூன்று தடவைக்கு அனுமதி இருக்கு. அல்லது வேற வழி பாக்கலாம்." இதைப் பிள்ளை தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. தலைக்குள் சுழலும்போது பெரிதாகத் தெரிவது தாளில் நாலு வரிக்குள் அடங்கிவிடும்.

மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரிப்பது இங்கேதான் உதவும். லாசரஸ், ஃபோல்க்மன் என்ற உளவியலாளர் இருவர் 1984இல் இதை வகைப்படுத்தினார்கள்: சிக்கலையே கையாள்வது ஒன்று, சிக்கல் கிளப்பும் உணர்வைக் கையாள்வது இன்னொன்று. பரீட்சைக்கு முதலாவது பொருந்தும். மரணத்துக்கு இரண்டாவதுதான் முடியும். இடம்மாற்றிச் செய்தால் வீண். நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை வாசலில் காசு கேட்டு நிற்கும் ஆளுக்குப் பயந்து ஒளிக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது அப்படியான வேலை. அவவுக்குத் தேவை கடனை மறுசீரமைக்க ஒரு வழி, பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள். மீண்டெழுதல் பற்றிய பேச்சு, அநியாயத்தைச் சகிக்கச் சொல்லும் பேச்சாக மாறும் இடத்தில் நான் எழும்பிப் போய்விடுவேன்.

இனி இழப்பு. நம் முன்னோர் இதற்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலைப் பயணம், கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பது, பிறகு ஆண்டுத் திவசம். சடங்கில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அது செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஒரு மாதத்துக்கு வீடு வெறுமையாகாது. செய்ய வேண்டிய வேலை கையில் இருக்கும். செத்தவரைப் பற்றி எல்லாரும் வாய்விட்டுக் கதைக்கும் நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது என்பது வேறு விடயம். வாகனங்கள் போய்விடும், கதிரைகளைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். போய்ப் பார்க்க நினைப்பவர் அந்த நாற்பதாம், ஐம்பதாம் நாளில் போவது நல்லது.

ஆனால் உடலே கிடைக்காத வீடுகளும் இங்கே இருக்கின்றன. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு அந்தியேட்டி செய்யவும் மனம் வராது, செய்யாமல் இருக்கவும் முடியாது. மனைவிமார் சிலர் இன்னும் பொட்டோடுதான் இருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, முடிவு தெரியாத இழப்பு மற்ற எல்லா இழப்பையும்விட மனதைக் கட்டிப்போடுவதைக் காட்டினார். இவர்களிடம் "மறந்துவிடுங்கோ" என்று சொல்வதும் "கட்டாயம் வருவார்" என்று சொல்வதும் ஒரேயளவு கொடுமை. பொஸ் முன்வைத்த வழி, இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கப் பழகுவது: காணாமற்போனவர் வரலாம், வராமலும் போகலாம், அதற்கிடையில் இளையவளின் படிப்பு நடக்க வேண்டும். இதே நிலையில் உள்ளவர்கள் ஒன்றுகூடும்போது சுமை கொஞ்சம் இலேசாகிறது. தெருவோரக் கொட்டகையில் படத்தோடு வருடக்கணக்காக இருக்கும் தாய்மாருக்கு அந்தப் போராட்டம் நீதிக்கானது. ஆனால் அங்கே அருகில் இருப்பவளுக்கு எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்பதையும் கவனிக்கலாம்.

உதவப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். பெரிய அழிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவரை உடனே இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லவைத்தால் மனம் ஆறும் என்று ஒருகாலம் நம்பினார்கள். ஒருமுறை நடத்தப்படும் அத்தகைய கட்டாயக் கதையாடல் பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று விடயங்களைத்தான் கேட்கிறது: நிலைமையைக் கவனியுங்கள், சொல்வதைக் கேளுங்கள், தேவையான உதவியோடு தொடுத்துவிடுங்கள். சொல்ல விரும்பாதவரைத் தோண்ட வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? இரண்டு கிழமைக்கு மேலாக ஒவ்வொரு நாளும் எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பது, நித்திரையோ சாப்பாடோ அடியோடு குழம்பிப்போவது, குடி கூடுவது, குளிக்காமல் கொள்ளாமல் ஒதுங்குவது, நடந்த பயங்கரம் மாதக்கணக்கில் கண்ணுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வருவது, செத்துப்போனால் நல்லது என்ற கதை வாயில் வருவது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் ஒருநாளும் பொறுக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. உளவளத்துணைக்குச் சாந்திகம் போன்ற இடங்களும் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போனான் எண்டு ஊர் கதைக்கும்" என்ற பயத்தால் மாதங்களைக் கடத்தும் குடும்பங்கள் இன்னும் உண்டு. நீரிழிவுக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற அதே மகன் இதற்கும் கூடப் போனால், பாதிப் பயம் வாசலிலேயே போய்விடும்.

இந்த அளவுக்குப் போகாத, பக்கத்து வீட்டில் தளர்ந்துபோய் இருக்கும் ஒருவருக்கு என்ன செய்யலாம் என்றால், "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஒருவரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்குக் காலமை திருநெல்வேலிச் சந்தைக்குப் போறன், மரக்கறி என்ன வேணும் அக்கா?" என்று கேளுங்கள்.